மரம் அறுக்கும் மிஷின்: எந்தக் கம்பெனி, எந்தக் கடை?

கஜா புயலுக்கு முன்னால் எங்கள் பேராவூரணிப் பக்கம் மரம் அறுக்கும் மிஷின் வைத்திருந்தவர்கள் மர வியாபாரிகள்தான். மற்றவர்களுக்குக் கோடரியும், ஆளுக்கு ஒரு பக்கம் நின்று இழுக்கும் ரம்பமும். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே புயல் கரையேறியது. விடிந்து பார்த்தால் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரத்தில் தோப்பு தோப்பாகத் தென்னை படுத்துக் கிடந்தது. அடுத்த சில மாதங்களுக்குத் தெருவுக்குத் தெரு மிஷின் சத்தம். உதவிக்கு வந்தவர்கள் விட்டுச் சென்றது, வெளியூரிலிருந்து வாடகைக்கு வந்தது, மதுரைக்கும் திருச்சிக்கும் போய் அவசரத்தில் வாங்கி வந்தது என்று எல்லாக் கம்பெனியும் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது. அதில் பல மிஷின்கள் இன்று மாட்டுக் கொட்டகையில் தொங்குகின்றன. எஞ்சின் செத்துத் தொங்குபவை கொஞ்சம்தான். முந்நூறு, நானூறு ரூபாய்ச் சாமான் கிடைக்காமல் தொங்குபவைதான் அதிகம்.

நானும் மச்சானும் அந்தப் புயலுக்குப் பிறகு தோப்பு வேலையோடு மரம் வெட்டும் வேலையையும் எடுத்துச் செய்கிறோம். காய்ப்பு நின்ற தென்னை, வீட்டோரம் சாய்ந்த வேம்பு, குளக்கரைக் கருவேலம், எப்போதாவது ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். எங்கள் கையில் ஓடியவை ஒரு சைனா மிஷின், ஸ்டில் கம்பெனியின் எம்எஸ் 180, எம்எஸ் 250, ஹஸ்க்வர்னா கம்பெனியின் 365. "எது நல்ல கம்பெனி?" என்று கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது, உங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் திரும்பி வரக்கூடிய தூரத்தில் எந்தக் கம்பெனிக்கு மெக்கானிக் இருக்கிறார் என்பதைத்தான். பதில் அங்கேயே பாதி வந்துவிடும்.

முதலில் சைனா மிஷினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிப் பேர் அதில்தான் ஆரம்பிக்கிறார்கள். 58 சிசி என்று ஸ்டிக்கர், 22 இன்ச் பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு), ஆறேழாயிரம் ரூபாய். எம்எஸ் 250 வாங்க அதைப்போல் நான்கைந்து மடங்கு வேண்டும். எங்களுடையதன் பெயரைச் சொல்லவில்லை. சொன்னாலும் பயனில்லை, அதே மிஷினை வேறு நிறத்தில் வேறு பெயரில் இன்னொரு கடையில் பார்க்கலாம். இதில் ஒரு நல்லதும் இருக்கிறது. எல்லாம் ஒரே அச்சு என்பதால் கார்புரேட்டர், ஸ்டார்ட்டர், பிளக், பிஸ்டன் எல்லாமே பம்புசெட் சாமான் விற்கும் கடையில்கூடக் கிடைக்கும். விலையும் சல்லிசு. ஆனால் உதறல் அதிகம். காலையில் முடுக்கிய நட்டு சாயங்காலம் ஆடும். சைலன்சர் போல்ட்டைத் தோப்புக்குள் தேடி அலைந்த கதை சைனா மிஷின் வைத்திருக்கும் எல்லாரிடமும் இருக்கும். அந்த 22 இன்ச் பாரும் வீண் பகட்டு. தென்னைக்கு 16, 18 இன்ச் தாராளம். நீள பாரை இழுக்கும் தெம்பு அந்த எஞ்சினுக்கு இல்லை, அதனால் செயின் மரத்துக்குள் திணறி நிற்கும்.

அந்த மிஷின் வாரண்டி காலத்துக்குள்ளேயே ஒரு நாள் நடு வேலையில் சக்தி குறைந்து நின்றது. கயிற்றை இழுத்தால் பிடிப்பே இல்லை. விற்ற கடையில் கொடுத்தால் கவரைக்கூடத் திறக்காமல், "2டி ஆயில் கலக்காம ஓட்டியிருக்கீங்க, வாரண்டி கிடையாது" என்றார்கள். பெட்ரோலோடு கலக்கும் அந்த ஆயிலை 1 லிட்டருக்கு 40 மில்லி அளந்து ஊற்றியது எனக்குத் தெரியும், ஆனால் அதை எப்படி நிரூபிப்பது?

பட்டுக்கோட்டையில் தெளிப்பான், வீடர் எல்லாம் பார்க்கும் ஒரு வயதான மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். "தம்பி, முதல்ல சைலன்சரைக் கழட்டுங்க, அப்புறம் யார் மேல தப்புன்னு பேசலாம்" என்றார். சைலன்சர் இருந்த ஓட்டை வழியாகப் போன் டார்ச்சை அடித்துவிட்டு, கயிற்றை மெதுவாக இழுத்து பிஸ்டனை மேலும் கீழுமாக நகர்த்தினார். அந்தப் பக்கம் பிஸ்டன் வழவழவென்று இருந்தது. "ஆயில் இல்லாம ஓடியிருந்தா மொதல்ல கீறறது இங்கதான். சூடு முழுக்க இந்த வழியாத்தானே வெளியே போகுது." பிறகு கார்புரேட்டரைக் கழற்றி எதிர்ப்பக்கம் காட்டினார். மங்கலாக, உப்புத்தாள் வைத்துத் தேய்த்ததுபோல இருந்தது, நெடுக மெல்லிய கோடுகள். ஏர் ஃபில்டரின் விளிம்பு ஒரு மூலையில் உட்காரவே இல்லை. அந்த இடைவெளியில் தும்பும் மணலும் உள்ளே போயிருக்கின்றன.

அதை போட்டோ எடுத்துக்கொண்டு மறுபடியும் கடைக்குப் போனேன். "ஏர் ஃபில்டர் வாரண்டியில வராது சார்" என்றார்கள். சரி, விட்டுவிட்டேன். சிலிண்டர், பிஸ்டன், ரிங் செட்டாக வாங்கிப் போட்டதில் மிஷின் ஓடியது. ஃபில்டர் விளிம்பில் கிரீஸ் தடவி உட்காரவைக்கும் பழக்கம் அன்றிலிருந்து வந்தது. புகை வெளியேறும் சைலன்சர் பக்கம் கீறல் என்றால் ஆயில் குறைவு அல்லது எங்கோ காற்றுக் கசிவு, காற்றை உறிஞ்சும் கார்புரேட்டர் பக்கம் என்றால் தூசி. இந்த ஒன்றைத் தெரிந்துவைத்திருந்தால் எந்த சர்வீஸ் சென்டரிலும் உங்களை ஏய்க்க முடியாது. பிஸ்டனைக் கண்ணில் காட்டாமல் "ஆயில் பிரச்சினை" என்று சொல்லும் கடையில் அடுத்த மிஷின் வாங்காதீர்கள்.

இப்போது பெரிய கம்பெனிகள். ஸ்டில் ஜெர்மனிக் கம்பெனி, 1926-இல் ஆரம்பித்தது. ஹஸ்க்வர்னா ஸ்வீடனில் 1689-இல் துப்பாக்கித் தொழிற்சாலையாகத் தொடங்கி, 1959-இல்தான் மரம் அறுக்கும் மிஷினுக்கு வந்தது. இந்த இரண்டில் எது உசத்தி என்று வாக்குவாதம் பண்ணுபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஒரே அளவில் வைத்துப் பார்த்தால் மரத்துக்குள் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. வித்தியாசம் கைப்பழக்கத்தில் இருக்கிறது. ஸ்டில்லில் சோக், பாதி ஆக்சிலேட்டர், ஓட்டம், நிறுத்தம் எல்லாம் ஒரே நெம்புகோல். புதிதாக வேலைக்கு வரும் பையனுக்கு ஒரு நாளில் பிடிபட்டுவிடும். ஹஸ்க்வர்னாவில் செயின் பிரேக் பக்கவாட்டுக் கவருக்குள் இருக்கிறது, பல சைனா மிஷின்களிலும் அப்படித்தான். பிரேக் போட்டபடி கவரைக் கழற்றிவிட்டால் திரும்ப மாட்டாது. பிரேக் பட்டை சுருங்கி நிற்கும், செயினைச் சுற்றவைக்கும் கிளட்ச் டிரம் அதற்குள் போகாது. எத்தனையோ பேர் இதைக் கம்பெனிக் கோளாறு என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கவரைத் தொடும் முன், முன்கைப்பிடிக்கு எதிரில் இருக்கும் கைக்காப்பைப் பின்னால் இழுத்துப் பிரேக்கை விடுவித்தால் போதும்.

கம்பெனியைவிட ரகம் முக்கியம். எம்எஸ் 180 என்பது 31.8 சிசி, 4 கிலோ. மட்டை கழிக்க, முருங்கை, வேலியோரக் கிளைகளுக்குத் தங்கமான மிஷின். அதை வைத்து நாள் முழுக்கத் தென்னை அறுத்துவிட்டு "ஸ்டில்லும் இப்போ சரியில்லை" என்பது நியாயம் இல்லை. எம்எஸ் 250 என்பது 45.4 சிசி, 4.6 கிலோ. எங்கள் தென்னை வேலையில் முக்கால்வாசியை இதுதான் செய்கிறது. ஆனால் இதுவும் பண்ணை ரகம்தான், பிளாஸ்டிக் உடலுக்குள் எஞ்சின் உட்கார்ந்திருக்கும். புளி, தூங்குமூஞ்சி என்று நாள் கணக்கில் பெருமரம் அறுப்பதென்றால் எஞ்சினின் அடிக்கூடான கிராங்க் கேஸ் மெக்னீசியம் உலோகத்தில் உள்ள மிஷின் வேண்டும். ஸ்டில்லில் 72.2 சிசி எம்எஸ் 382, ஹஸ்க்வர்னாவில் 365 அந்த வகை. பார், செயின் இல்லாமலே 6 கிலோவை ஒட்டி வரும். இடுப்பில் தெம்பு உள்ளவர்கள் வாங்கலாம்.

365-இல் ஒரு சிக்கல் உண்டு. பழைய 365 என்பது 65 சிசி, பிறகு அதே எண்ணில் வந்தது 70.7 சிசி. பிஸ்டன் அளவு வேறு வேறு. கடையில் போய் "365-க்கு ரிங் கொடுங்க" என்றால் எது வரும் என்பது அதிர்ஷ்டம். மிஷினின் சீரியல் நம்பர் தகட்டை போன் கேமராவில் எடுத்து வைத்துக்கொண்டு அதைக் காட்டிக் கேட்க வேண்டும். நல்ல கடைக்காரர் தானாகவே சீரியல் நம்பரைக் கேட்பார். கேட்காமல் டப்பாவை நீட்டுபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

டீலர் விஷயத்தில் எனக்கு ஒரு கசப்பான அனுபவம் உண்டு. நல்ல வெட்டு சீசனில் கிளட்ச் டிரம் தேய்ந்து போனது. மிஷின் வாங்கிய டீலர், கண்ணாடி ஷோரூம், வாசலில் பெரிய போர்டு, "ஆர்டர் போட்டிருக்கேன் சார், நாளைக்கு வந்துடும்" என்றே வாரக்கணக்கில் ஓட்டினார். இத்தனைக்கும் அது தேயும் சாமான், எந்த மிஷினிலும் தேயும். கடைசியில் மச்சான்தான், "மாப்ள, அடுத்த மாவட்டத்துல இதே கம்பெனிக்கு இன்னொருத்தர் இருக்காராம், போன் போட்டுப் பாரு" என்றான். போட்டேன். பழைய லேத் பட்டறை மாதிரி ஒரு கடையாம், அவரே மெக்கானிக். சீரியல் நம்பரைக் கேட்டார், பணம் போட்டதும் ராத்திரி பஸ்ஸில் பார்சல் ஏற்றிவிட்டார். காலையில் பஸ் ஸ்டாண்டில் எடுத்துக்கொண்டேன். ஒரே கம்பெனி, ஒரே சாமான். அதனால்தான் கம்பெனிப் பெயரைக் கேட்டு நல்லது கெட்டது சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. ஸ்டில் போன்ற கம்பெனி சர்வீஸ் செய்யும் டீலர் வழியாக விற்பதையே கொள்கையாக வைத்திருக்கிறது, நல்ல விஷயம். ஆனால் நமக்கு வாய்ப்பது நம் ஊர் டீலர்தானே.

எனவே இப்போதெல்லாம் யாராவது மிஷின் வாங்கக் கூட்டிப்போனால், நான் மிஷினைப் பார்ப்பதில்லை. "இந்த மாடலுக்கு ஏர் ஃபில்டர் ஒண்ணு, ஸ்டார்ட்டர் ஸ்பிரிங் ஒண்ணு, கிளட்ச் டிரம் ஒண்ணு, கார்புரேட்டர் டயாஃப்ரம் கிட் ஒண்ணு கொடுங்கண்ணே" என்று காசை எடுத்து மேஜையில் வைக்கிறேன். நான்கும் உள்ளே இருந்து வந்தால் அது கடை. இரண்டு வந்தால் பேசிப் பார்க்கலாம். "மிஷின் எடுங்க, ஸ்பேர் எல்லாம் வரவழைச்சுடலாம்" என்றால் டீ மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பிவிட வேண்டும். வாங்கிய நான்கும் வீண் போகாது, என்றைக்கானாலும் தேவைப்படும். அப்புறம் பின்பக்கப் பட்டறையை எட்டிப் பாருங்கள். ரிப்பேருக்கு வந்த மிஷின்களில் பெயரும் தேதியும் எழுதிச் சீட்டு கட்டியிருக்கிறதா, எவ்வளவு பழைய தேதி, கார்புரேட்டர் டியூன் பண்ண, எஞ்சின் சுற்றை அளக்கும் ஆர்பிஎம் மீட்டர் இருக்கிறதா, காதால் கேட்டு ஸ்க்ரூ திருப்புகிறாரா. காதால் திருப்புவதில் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. புது மிஷினை அப்படிக் கொடுக்க எனக்கு மனம் வராது.

டெலிவரி எடுக்கும்போது பெட்டியோடு வாங்கி வராதீர்கள். கடையிலேயே பார், செயின் மாட்டி, பெட்ரோல் கலந்து ஊற்றி, ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொல்லுங்கள். ஆயில் ஊற்றும் அளவை உங்கள் எதிரில் பில்லின் பின்னால் எழுதி வாங்குங்கள். ஸ்டில், ஹஸ்க்வர்னா இரண்டும் தங்கள் ஆயிலுக்கு 50-க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி என்கின்றன. சைனா மிஷின்கள் பலவற்றில் 25-க்கு 1. பழைய டிவிஎஸ் ஃபிப்டிக்கு ஊற்றிய ஞாபகத்தில் கண்மட்டத்துக்கு ஊற்றுபவர்கள் நம் ஊரில் நிறைய. ஆயிலையும் அந்தக் கடையிலேயே பில் போட்டு வாங்கினால், நாளைக்கு வாரண்டி பேச்சு வரும்போது கையில் ஒரு காகிதம் இருக்கும்.

பெட்ரோலைப் பற்றி ஒரு வார்த்தை. 2025-க்குள் நாடு முழுக்க 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் வழக்கம் என்றாகிவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய டயாஃப்ரம் சவ்வை விறைக்க வைக்கும், பெட்ரோல் குழாயைக் கெடுக்கும். தினம் ஓடும் மிஷினுக்கு அவ்வளவாகத் தெரியாது. மழைக்காலம் முழுக்க மூலையில் கிடந்து, தை மாதம் எடுத்தால் ஸ்டார்ட் ஆகாது. சில வாரங்களுக்கு மேல் வேலை இல்லை என்றால் டேங்கைக் காலி செய்து, மிஷின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு வையுங்கள். கலந்த பெட்ரோலையும் கேனில் மாதக்கணக்கில் வைக்காதீர்கள். கடைக்கு "கம்ப்ளெயின்ட்" என்று வரும் மிஷின்களில் பெரும்பாலானவை இதுதான் என்று அந்தப் பட்டுக்கோட்டை மெக்கானிக் சொல்வார்.

செயின் விஷயத்துக்கு வருவோம். மிஷின் நம்பகமா இல்லையா என்பதை உண்மையில் தீர்மானிப்பது இதுதான். இன்றைய செயினின் பல் வடிவம் அமெரிக்காவில் ஜோ காக்ஸ் என்ற மரவெட்டி 1946-இல் மரத்தைக் குடையும் ஒரு வண்டின் புழுவைப் பார்த்து யோசித்தது. புழு தாடையால் வலமும் இடமுமாக மாற்றி மாற்றிக் கடித்ததை அப்படியே செயினுக்குக் கொண்டுவந்தார். ஓரிகான் கம்பெனி அதிலிருந்து பிறந்தது. வண்டு என்றாலே காண்டாமிருக வண்டையும் சிவப்புக் கூன்வண்டையும் நினைத்து வயிறெரியும் தென்னை விவசாயிக்கு, வண்டு இனம் செய்த ஒரே உபகாரம் இதுவாகத்தான் இருக்கும்.

கம்பெனி மாறும்போது செயின் மாறாது என்று நினைத்துவிடாதீர்கள். எம்எஸ் 250-க்கும் சைனா 58-க்கும் செயின் அளவு 0.325 இன்ச் என்றுதான் இருக்கும், கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். ஆனால் பாரின் பள்ளத்துக்குள் ஓடும் அடிநாக்கின் கனம் வழக்கமாக வரும் ஸ்டில் செயினில் 1.6 மில்லிமீட்டர், சைனாவில் 1.5. கனமானது மெல்லிய பாரின் பள்ளத்தில் இறங்காது. மெல்லியது அகலப் பள்ளத்தில் ஆடி ஆடி, வெட்டு கோணலாகப் போகும், பாரும் கெடும். பாரின் அடியில் இந்த எண்களும், அடிநாக்குகள் எத்தனை என்ற எண்ணும் பொறித்திருக்கும். அதைப் படித்துச் சொல்லித்தான் செயின் கேட்க வேண்டும். அரமும் அப்படியே. 0.325-க்கு 4.8 மில்லிமீட்டர் அரம், எம்எஸ் 180-இல் வரும் சின்ன 3/8 செயினுக்கு 4 மில்லிமீட்டர்.

பல்லில் இரண்டு வகை உண்டு. மூலை கூராக இருப்பது சுத்தமான மரத்தில் வெண்ணெய் மாதிரி இறங்கும், மண் பட்டால் உடனே மழுங்கும். மூலை உருண்டிருப்பது கொஞ்சம் மெதுவாக வெட்டும், ஆனால் தாங்கும். தென்னைக்கு இரண்டாவதுதான் சரி. தென்னையின் வெளிவட்டம் வைரம், மேலே ஒட்டிய மணலும் சேர்ந்துகொள்ளும். புயலில் மணலில் புரண்ட மரத்தை அறுத்தவர்களுக்கு இது புரியும். முதலில் வெட்டும் இடத்தை அரிவாளால் செதுக்கிவிட்டு மிஷினை வைத்தால் செயின் இரண்டு பங்கு உழைக்கும். தென்னை நாரோ கவருக்குள் போய் ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றிக்கொள்ளும், பாருக்கும் செயினுக்கும் வழுக்கலுக்காகப் போகும் பார் ஆயில் வரும் துளையை அடைக்கும். டேங்க் ஊற்றும் ஒவ்வொரு முறையும் கவரைக் கழற்றித் துடைக்கிறோம். பார் ஆயிலுக்கு வண்டியில் வடித்த கழிவு ஆயிலை ஊற்றுபவர்கள் ஆயில் பம்ப் போனதும் கம்பெனியைத் திட்டுவார்கள். அதில் இருக்கும் இரும்புத் தூள் பம்பைத் தின்னாமல் என்ன செய்யும்?

வேரோடு சாய்ந்த தென்னையை அறுக்கும்போது இன்னொன்று: தண்டு துண்டானதும் அடித்தூர் வேர் இழுப்பில் திரும்பக் குழிக்குள் எழுந்து நிற்கும். குழிப் பக்கம் ஆள் நிற்கவே கூடாது. எந்த பிராண்ட் மிஷினாக இருந்தாலும் செயின் பிரேக் பிடிக்கிறதா என்று தினமும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

பழைய மிஷின் வாங்குபவர்களுக்குச் சில சொற்கள். மக்கிட்டா, டோல்மார் பெட்ரோல் மிஷின்கள் மலிவாக வருகின்றன. நல்ல மிஷின்கள்தான். டோல்மார் 1927-இலேயே பெட்ரோல் செயின் சா செய்த ஜெர்மனிக் கம்பெனி, 1991-இல் மக்கிட்டா வாங்கியது. ஆனால் மக்கிட்டா 2022-இல் பெட்ரோல் எஞ்சின் தயாரிப்பையே நிறுத்திக்கொண்டு முழுக்க பேட்டரிக்குப் போய்விட்டது. ஸ்பேருக்கு வழி தெரிந்தால் மட்டும் தொடுங்கள். ஸ்டில் பெயரும் ஆரஞ்சு நிறமுமாகப் போலி மிஷின்களும் சுற்றுகின்றன. சீரியல் நம்பரை டீலரிடம் காட்டிவிட்டுப் பணம் கொடுங்கள்.

மிஷினைக் கையில் வாங்கியதும் ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம். சூடான எஞ்சின் நிறையப் பொய் சொல்லும். சுவிட்சை ஆஃபில் வைத்து, ஸ்டார்ட்டர் கைப்பிடியைப் பிடித்து மிஷினை அப்படியே தூக்குங்கள். விட்டு விட்டு, தயங்கித் தயங்கி இறங்கினால் உள்ளே பிடிப்பு இருக்கிறது. சர்ரென்று இறங்கினால் ரிங் போய்விட்டது. பாரைக் கழற்றி இரண்டு ஓரமும் ஒரே உயரமா என்று கண்ணாடி மேல் நிறுத்திப் பாருங்கள். பிறகு சைலன்சரைக் கழற்றச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. விற்பவர் அதற்குச் சாக்குச் சொன்னால் நான் அங்கேயே வண்டியை எடுத்துவிடுவேன்.